மௌனம் ஒட்டிய மேசைகள்

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் போட்ட வட்ட மேசையின் மேல்பலகையில் ஒட்டியிருந்தது தேக்கும் இல்லை, கருங்காலியும் இல்லை. ஒரு பெண் தன் கணவனிடம் பேசாமல் இருந்த இரண்டு மாத மௌனம். அதை நகத்தை விட மெல்லிசாகச் சீவி, பலகையில் ஒட்டி, சுற்றிலும் பித்தளைத் தகட்டால் கரை கட்டி, மெழுகு தேய்த்துக் கொடுத்தவர் ஒட்டுக்காரர். மேசை நல்ல விலைக்குப் போனது. வண்டிக் கூலி தனி.

ஒட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் மேசையோ அலமாரியோ செய்வதில்லை. யாரோ செய்த மொட்டை மேசையை வாங்கிவந்து அதற்கு மேல்தோல் ஒட்டுவதுதான் அவர் வேலை. கடைக்காரர்கள் வெனீர் என்று சொல்வதை அவர் ஏடு என்பார். நல்ல மரத்தை ஏடு ஏடாக அறுத்துச் சாதா மரத்தின் மேல் ஒட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள், மரத்தை மரத்தின் மேல் ஒட்டுவதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் என்பது அவர் கட்சி. முட்டை ஓட்டைப் பொடித்துச் சில்லுச் சில்லாகப் பதித்தார். மீன் தோலை உலர்த்தி இழுப்பறை முகப்பில் ஒட்டினார். வெங்காயச் சருகு, பழைய சினிமா பிலிம், தாமிரக் கம்பி, குளவிக்கூடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பலகையில் ஏற்றிப் பார்த்தார். பிறகு கை துணிந்துவிட்டது. வண்டி எண்ணெய் சிந்தி ஏழு நிறம் காட்டிய ஒரு மழைக் குட்டையின் மேல்பரப்பை ஈரத்துணி வைத்து ஒரே துண்டாக உரித்தெடுத்து, ஒரு கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டினார். தகரக் கூரை மேல் நெளிகிற மத்தியானக் கானலைச் சீவி ஒரு நகைப்பெட்டி மூடிக்குப் போட்டார். பெட்டி வியர்க்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அதைப் பழுது என்று ஒப்புக்கொண்டு வேறு பெட்டி கொடுத்தார். தெருவில் யாரும் மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை. கானலுக்கு மெழுகு பிடிக்குமா, வார்னிஷ் பிடிக்குமா என்றுதான் கேட்டார்கள்.

ஒட்டியது அவர், ஒட்டவைத்தது அவர் மனைவி. தோலையும் எலும்பையும் காய்ச்சியெடுத்த பசைக் கட்டியை ஊறப்போட்டு, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து, கொதித்துவிடாமலும் ஆறிவிடாமலும் இளக்கிக் கொண்டுவருவது மனைவியின் கைப்பக்குவம். சமையலறை அடுப்பில் பசையை இளக்கி, பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற வாசல்படியைத் தாண்டிக் கொண்டுவந்து வைப்பார். ஏட்டைப் பரப்புவதற்குள் பசை ஆறினால் அத்தனையும் வீண். இந்த அவசரத்திலேயே இருவரும் கல்யாணமான நாளிலிருந்து ஒத்துப்போயிருந்தார்கள்.

அந்த ஒற்றுமைக்கு உலை வைத்தது ஒரு கட்டில். மனைவியின் தம்பி டெம்போவிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட வருடம், அவனைப் பார்த்துக்கொள்ள அக்கா போய்ச் சில வாரம் இருந்தார். திரும்பி வந்தபோது அவர் அம்மா வீட்டிலிருந்து வந்த கட்டிலுக்குத் தலைமாடு இல்லை. அந்தத் தலைமாட்டுப் பலகையில் அவருடைய அம்மா வாழ்நாளெல்லாம் தலை சாய்த்து உட்கார்ந்திருந்த இடம் ஒன்று உண்டு. தலையெண்ணெய் ஊறி ஊறி அந்த இடம் மட்டும் கறுத்து, வழவழத்து, உள்ளிருந்து ரேகை புகை மாதிரி எழும்பியிருந்தது. அம்மா போன பிறகு மகள் அந்த இடத்தில்தான் தலை வைத்துத் தூங்குவார். ஒட்டுக்காரர் சரியாக அந்த இடத்தை ஏடாக அறுத்து, யாரோ ஒரு வக்கீலின் புத்தக அலமாரிக்கு ஒட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். அலமாரி ஊரை விட்டே போய்விட்டது. தலைமாடு எங்கே என்று வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“அது சும்மாதானே கெடந்துச்சு? தூங்கறதுக்குத் தலைமாடு எதுக்கு?”

மனைவி கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதையுமே கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தெருவில் எல்லாரிடமும் பேசினார், சிரித்தார், காய்காரியிடம் பேரம் பேசினார். வீட்டுக்காரரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. முதல் வாரம் பூனையிடம் ஜாடை பேசினார், அப்புறம் அதுவும் நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. பசை வந்தது, சாப்பாட்டுத் தட்டு வந்தது. ஒட்டுக்காரர் படுக்கையைப் பட்டறை மேசைக்கு மாற்றிக்கொண்டார். குளிப்பது துவைப்பதெல்லாம் பட்டறை முற்றத்திலேயே என்பதால் சமையலறைப் பக்கம் அவர் போகவே வேண்டியிருக்கவில்லை. “அவ பேச மாட்டேங்கறா, நான் என்ன பண்றது” என்று மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டார். பலகையின் அருமை தெரியாமல் அறுத்துவிட்டதாகவும் கூடவே சொன்னார்.

பேசாமல் விட்டதெல்லாம் அந்த வாசல்படியில் சேர்ந்தது. முதலில் ஒரு மங்கல், அடுப்புப் புகை என்று நினைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது கை வைத்தால் தடுக்கிற அளவுக்கு இறுகிவிட்டது. ஈயம் பூசின கண்ணாடி நிறம், தொட்டால் குளிர்ச்சி. மனைவி பசைச் சட்டியோடு தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வருவார், அது விலகி மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு மாலை மேற்கு வெயில் சாய்ந்து விழுந்தபோது ஒட்டுக்காரர் அதற்குள் ரேகை ஓடுவதைப் பார்த்தார். நீளமான, அவசரமில்லாத ரேகை, நடுவில் அங்கங்கே வெள்ளிப் பூ. அப்படியொரு ரேகையை அவர் எந்த மரத்திலும் கண்டதில்லை. அழுகை வந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் கை போனது இழைப்புளிக்குத்தான்.

சீவல் சுருண்டு வரவில்லை, விரித்த துணி மாதிரி தட்டையாக வந்தது. பசை பிடித்தது. பல் டாக்டரின் மேசை அதில் முதலாவது. அதன் மேல் டம்ளரை வைத்தால் சத்தமில்லை, சாவிக்கொத்தை விட்டெறிந்தாலும் சத்தமில்லை. பித்தளைக் கரையில் பட்டால் மட்டும் கணீரென்று கேட்டது. பக்கத்து அறையில் பல்லைக் குடைகிற சத்தம் அந்த மேசை வரைக்கும் வந்து, அதற்கு மேல் வராமல் நின்றது. நோயாளிகள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கினார்கள். கனவில் எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள் என்று எழுந்து சொன்னார்கள். சேதி பரவிவிட்டது. நாலு பையன்களைப் பெற்றவர்கள் சாப்பாட்டு மேசை கேட்டார்கள். தையல் கடைக்காரர் மிஷினுக்கு அடியில் போட ஒரு பலகை கேட்டார். தலைமையாசிரியர் தன் வீட்டுக்கு எழுதுமேசை வாங்கினார். ஒட்டுக்காரர் மௌனத்தை முட்டை ஓட்டோடு சேர்த்தார், மீன் தோலோடு சேர்த்தார். கருங்காலிக்கு நடுவே அதை நட்சத்திரமாக வெட்டிப் பதித்தார். எவ்வளவு சீவினாலும் விடிந்தால் வாசல்படி நிறைந்திருந்தது. கடைசி ஏட்டையும் எடுத்துவிட்டால் அவள் பேசிவிடுவாள் என்று அவர் மனதார நம்பினார். அதற்குள் வருடம் மூன்று ஓடிவிட்டது.

பலகைகள் அப்போதுதான் வளைய ஆரம்பித்தன. ஏடு ஒட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. பலகையின் முன்பக்கம் ஒட்டினால் பின்பக்கமும் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டின பக்கம் இழுத்துக்கொண்டு பலகை குழிந்துவிடும். ஒட்டுக்காரரும் வழக்கம்போல் பின்பக்கம் மலிவான மர ஏட்டை ஒட்டித்தான் இருந்தார். ஆனால் மௌனத்தின் இழுப்புக்கு மர ஏடு எம்மாத்திரம். பல் டாக்டரின் மேசை முதலில் பேனா உருளும் அளவுக்குக் குழிந்தது, பிறகு ஏந்தின உள்ளங்கை மாதிரி ஆனது. அறையில் யார் எதைச் சொல்ல வந்தாலும் பேச்சு அந்தக் குழிக்குள் வழிந்து போனது. எந்தப் பல் வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் தலைமையாசிரியர் கையைக் காலை ஆட்ட, டாக்டர் அவருடைய நல்ல பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார். தையல் கடைக்காரரும் அவர் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதை விட்டார்கள். நாலு பையன்கள் வீட்டில் பையன்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். மைத்துனன் டெம்போவில் மேசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பட்டறை முழுக்கக் குழிந்த மேசைகள் அடுக்கிக் கிடந்தன.

எதிர்ப்பக்கம் வலுவான ஏதாவது வேண்டும். மௌனத்துக்கு எதிர் சத்தம்தானே என்று மைத்துனனை முற்றத்தில் நிறுத்தி ஹார்னை அழுத்தச் சொன்னார். வருகிற சத்தத்தைச் சீவி ஒரு மேசையின் அடியில் ஒட்டினார். மேசை ஒரு பொழுது நேராக இருந்தது. சாயங்காலம் எருமை கத்துவது போல் ஒரு கத்து கத்திவிட்டு நடுவில் பிளந்தது. மரம் அறுக்கும் மில் சத்தத்தையும் பள்ளிக்கூடம் விடுகிற சத்தத்தையும் ஒட்டிப் பார்த்தார். எதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை.

இந்தக் களேபரத்தில் மைத்துனன் அக்காவிடம், “நீ எங்க வீட்டுக்கே வந்துடு. மாடி ரூம் சும்மாதான் இருக்கு. எதுக்கு இப்படி ஒரு வாழ்க்கை?” என்றான். அக்கா மாட்டேன் என்று சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அந்தச் சத்தம் பட்டறைக்குக் கேட்டது. ஒட்டுக்காரர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மேசைகள் போனால் போகட்டும், பேசாமலே அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்று முதன்முதலாக நினைத்துப் பார்த்தார். போகாதே என்று சொல்ல வாசல்படி வரை போனார். மௌனத்தின் ரேகையைப் பார்த்தார். இருமிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்து நின்றது. கொல்லைச் சந்து ஒடுக்கம் என்பதால் மைத்துனன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து பட்டறை வழியாகத் தெருவுக்கு வரப் பார்த்தான். பெட்டி வாசல்படியில் மாட்டிக்கொண்டது. தள்ளினான், உதைத்தான், அசையவில்லை. பட்டறைப் பக்கம் நின்ற ஒட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று காலைதான் தன் பக்கம் கடைசி ஏடு வரை சீவி எடுத்திருந்தார். வாசல்படியில் லேசான மங்கல்தான் தெரிந்தது.

“மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க” என்று மைத்துனன் உள்ளிருந்து கத்தினான்.

ஒட்டுக்காரர் தெருவைச் சுற்றி, சந்துக்குள் நுழைந்து, கொல்லைக் கதவு வழியாகத் தன் வீட்டுச் சமையலறைக்குள் விருந்தாளி மாதிரி போனார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. வாசல்படியில் அந்தப் பக்கம் வேறொரு மௌனம் நின்றது. அது ஈய நிறமில்லை, பழுப்பு. ஒரு முழத் தடிமன், சுவர் மாதிரி. ரேகை குறுக்கும் நெடுக்குமாக ஓடியது, உள்ளே மரத்தூள் ஒட்டியிருந்தது. மைத்துனன் கிட்டப் போய் மோந்து பார்த்தான்.

“இது அக்காவோடது இல்ல மாமா. மூக்குப்பொடி வாசனை அடிக்குது. இது உங்களோடதுதான்.”

“நான் பேசாம இருந்தேனா? அவதான்…”

“நீங்க கடைசியா அக்காகிட்ட என்ன பேசுனீங்க, சொல்லுங்க பாப்போம்.”

ஒட்டுக்காரர் மூன்று வருடத்தையும் துழாவிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது தலைமாடு எதுக்கு என்பது மட்டும்தான். அதற்கப்புறம் பசை வரவில்லையென்றால் தட்டினார், சாப்பாடு வேண்டுமென்றால் இருமினார். இந்தச் சுவரைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் அவள் தினமும் கையில் சூடான சட்டியோடு வந்திருக்கிறாள். அவள் நடை தடுமாறினபோதெல்லாம் அது அவளுடைய பிடிவாதம் என்று அவர் நினைத்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவி அடுப்படியில் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத்துனனை இழைப்புளி எடுத்துவரச் சொல்லி ஒட்டுக்காரர் சீவ ஆரம்பித்தார். மனைவியுடையது வெண்ணெய் மாதிரி வந்தது, அவருடையது வரவில்லை. சிம்பு சிம்பாக உடைந்தது, கையைக் கிழித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்து, கனமான பழுப்பு ஏடு ஒன்று முழுசாகக் கழன்றது. அதைக் கையில் ஏந்தின நொடியில் அவருக்கு மட்டுமில்லை, மனைவிக்கும் விளங்கிவிட்டது, இது எந்தப் பலகைக்கு எந்தப் பக்கம் என்று. மனைவி பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பசையை அடுப்பில் ஏற்றினார். ஒட்ட வேண்டிய ஏடு கண்ணெதிரே இருக்கும்போது கிளம்பிப் போக அவருக்குக் கை வரவில்லை. பசை இளகியதும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். ஒட்டுக்காரர் சமையலறையில் சீவ, மைத்துனன் ஓடி ஓடிக் கொண்டுபோய்க் கொடுக்க, மனைவி ஒவ்வொரு மேசையாகக் கவிழ்த்துப் பின்பக்கம் ஒட்டினார். மணல் மூட்டை ஏற்றி வைத்த கொஞ்ச நேரத்தில் மேசைகள் முனகிக்கொண்டே நிமிர்ந்தன. ஒரு பக்கம் மனைவி பேசாதது, மறுபக்கம் அவர் பேசாதது; பலகை நடுவில் நேராக நின்றது.

கடைசியாகப் பல் டாக்டரின் மேசை மிச்சமிருந்தது. வாசல்படியிலும் ஒரே ஒரு ஏடுதான் மிச்சம். அதன் நடுவில் ஒரு கணு. இழைப்புளியின் வாய் அதில் பட்டுப் பொரிந்தது. தீட்டிக்கொண்டு வந்து மறுபடி வைத்தார், மறுபடி பொரிந்தது. மைத்துனன் உளியை நீட்டினான். ஒட்டுக்காரர் வேண்டாம் என்று தலையசைத்தார். அது என்ன கணு என்று அவருக்குத் தெரியும். அதன் மேல் கையை வைத்தார். பிறகு அதனிடமே சொன்னார்.

“தெரியாம அறுக்கல. உங்கம்மா தலை சாய்ச்ச இடம்னு தெரிஞ்சுதான் அறுத்தேன். அந்த இடத்துலதான் ரேகை அவ்வளவு நல்லா இருந்துச்சு. நீ ஊர்ல இல்லாத நாளாப் பாத்து அறுத்தேன்.”

காய்ந்த பலகையிலிருந்து கணு விழுவது போல அது கழன்று கீழே விழுந்தது. ஏட்டில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம், பட்டறையில், பசைச் சட்டியோடு நின்ற மனைவியின் முகம் தெரிந்தது. அவர் ஓட்டைக்குக் கிட்டே வந்தார். ஊரிலிருந்து இப்போதுதான் வந்து இறங்கினவர் குரலில் கேட்டார்.

“கட்டிலோட தலைமாட்டைக் காணோமே, எங்க?”

ஒட்டுக்காரர் இந்தத் தடவை முந்திக்கொள்ளவில்லை. எங்கே என்று சொன்னார். யாருக்கு விற்றார், எப்படி அறுத்தார், அறுக்கும்போது எண்ணெய் வாசனை வந்ததையும் சொன்னார். மனைவி கத்தினார். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த நாளில் திட்டியிருக்க வேண்டிய திட்டு ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. அம்மாவை நினைத்து அழுதார், ஒட்டுக்காரரும் அழுதார். மைத்துனன் டெம்போவை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தான், நிறுத்தினான், மறுபடி ஸ்டார்ட் செய்தான். விளக்கு வைக்கிற நேரமாகியும் அந்த முதல் நாளின் சண்டையே முடியவில்லை. பாதியில் எழுந்து போக முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அவன் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியைச் சமையலறை மூலையில் வைத்தான்.

ஓட்டை விழுந்த ஏட்டை அப்படியே பல் டாக்டரின் மேசைக்கு அடியில் ஒட்டினார்கள். நோயாளிகள் குனிந்து அந்த ஓட்டையில் எந்தப் பல் என்று சொல்கிறார்கள், டாக்டருக்குத் தெளிவாகக் கேட்கிறது. மற்ற மேசைகளும் அவரவர் வீட்டுக்குப் போய் ஒழுங்காக இருக்கின்றன. புதிதாக மௌன மேசை கேட்டு வருகிறவர்களிடம் சரக்கு இல்லை என்கிறார் ஒட்டுக்காரர். இப்போது அவர் காளான் தோலோடு போராடிக்கொண்டிருக்கிறார்.

புருஷன் பெண்சாதி பேச்சு மட்டும் அன்றிலிருந்து மூன்று வருடம் பின்தங்கியே நடக்கிறது. முதல் நாள் முடிந்து இரண்டாம் நாள், பிறகு மூன்றாம் நாள் என்று மனைவி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பால் விலை ஏறிவிட்டது என்று பழைய விலையைச் சொல்வார், அடப்பாவி என்பார் ஒட்டுக்காரர். தம்பி காலுக்குக் கட்டுப் பிரித்தாச்சாம் என்பார். “நடக்கறானா?” என்று இவர் கவலையோடு கேட்க, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் மைத்துனன், “நடக்கறேன் மாமா” என்பான். ஒரு நாளைப் பேசி முடிக்க ஒரு நாள் ஆகிறது, அதற்குள் இன்னொரு நாள் சேர்ந்துவிடுகிறது, ஆகவே இவர்கள் இன்றைய தேதிக்கு வந்து சேரவே முடியாது என்று தலைமையாசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார். பல் போன இடத்தில் காற்றுப் போக அவர் சொன்னதை மனைவி முழுசாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் பெட்டியைப் பரணில் போட்டுவிடலாம் என்றார்.

போன வாரம் அவர்கள் பேச்சில் மூன்று வருடத்துக்கு முந்தின மழைக்காலத்துக்கு வந்திருந்தார்கள். மனைவி சமையலறையிலிருந்து, “மழை வருதுங்க, துணியை எடுங்க” என்றார். ஒட்டுக்காரர் இழைப்புளியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொடியில் இருந்ததை ஒன்றுவிடாமல் உருவி, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரர் தன் துணிகளையும் எடுத்துவிட்டார்.